வேலை போனால் கூரையும் போவதா?



வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வேண்டுமானால் அதிகாரிகள் எங்கே போவது வழக்கம்? இரவு நேரத்தில் கடைத்தெரு ஐந்தடிக்குப் போவார்கள்; பஸ் நிலையத்துக்குப் போவார்கள்; பாலத்தடியில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். அங்கே படுத்திருப்பவர்களை எண்ணிக்கொண்டு போய் ஏட்டில் எழுதுவார்கள். ஈப்போவில் அப்படி எண்ணினால் ஒரு தொகை கிடைக்கும். கோப்பெங் போன்ற சிற்றூரில் அதிகம் பேர் கண்ணில் பட மாட்டார்கள். உடனே "இங்கே வீட்டுப் பிரச்சினை இல்லை" என்று கோப்பை மூடிவிடலாம்.

இந்தக் கணக்கு எடுக்கும் இடத்திலேயே பிழைத்துப்போன கணக்கு என்கிறோம் நாம். நம் வட்டாரத்தில் வீடில்லாதவனைத் தேட வேண்டிய இடம் தெருவல்ல, தோட்டத்து லயம். இன்று அவன் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, உண்மைதான். அந்தக் கூரை யாருடையது? கம்பெனியுடையது. எதுவரைக்கும் அவனுக்கு? செக்ரோலில் அவன் பெயர் இருக்கும் வரைக்கும். பெயரை அடித்த நாளிலிருந்து அந்தக் கூரையும் அவனுக்கில்லை. ஐம்பது ஆண்டு குடியிருந்தாலும் அவன் குடியானவன் அல்ல, வாடகைக்காரனும் அல்ல, வேலைக்காக வைக்கப்பட்டவன், அவ்வளவே. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்று தலைமுறை இந்த மண்ணில் பால் வெட்டியவனுக்கு அந்த எலி வளையும் சொந்தமில்லை.

கோப்பெங் வட்டாரத்துக்கு வீட்டுத் திட்டம் போட வேண்டிய பொறுப்பு கம்பார் மாவட்ட மன்றத்துக்கு உண்டு. அந்தத் திட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்பதே இங்கே நமது வழக்கு. தெருவில் விழுந்த பிறகு தூக்குவதற்குப் போடும் திட்டம் திட்டமாகாது. லயத்தில் இருக்கும்போதே எண்ணி, லயம் இடியுமுன்னே மனை ஒதுக்குவதுதான் திட்டம்.

எப்படித் தெருவுக்கு வருகிறார்கள்?

தோட்டத்து மனிதன் ஒரே நாளில் தெருவுக்கு வருவதில்லை. படிப்படியாக வருகிறான். அந்தப் படிகளை நாம் ஒவ்வொன்றாய்ச் சொல்கிறோம், மன்றத்தார் கேட்கட்டும்.

முதலில் தோட்டம் கைமாறுகிறது. புதிய முதலாளி ரப்பரை வெட்டிச் செம்பனை நடுகிறார். அல்லது நிலத்தை வீட்டு மனையாக்க எண்ணுகிறார். ஆட்குறைப்பு நோட்டீஸ் வருகிறது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் நட்ட ஈடு. முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். 600 நாளுக்கு ஏறக்குறைய 39,000 வெள்ளி. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, முப்பது ஆண்டு மழையிலும் கொசுக்கடியிலும் உளி பிடித்த கைக்குக் கிடைக்கும் முழுத் தொகை அது. அதைக் கொண்டு எந்த ஊரில் வீடு வாங்குவது? ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு எந்த வங்கி முப்பது ஆண்டுத் தவணையில் கடன் கொடுக்கும்?

ஆகவே அவர் வாடகை வீடு பார்க்கிறார். முன்பணம் என்றும் மாத வாடகை என்றும் நட்ட ஈடு கரைகிறது. இரண்டாம் படி அது. பணம் தீர்ந்ததும் மகன் வீட்டுக்குப் போகிறார். இரண்டு அறைக்குள் மூன்று தலைமுறை படுக்கிறது. மூன்றாம் படி அது. அங்கே மனக்கசப்பு; மருமகள் முகம் சுளிக்கிறாள்; மகனுக்கும் வேலை நிலையில்லை. பிறகு தெரிந்தவர் கடைக்குப் பின்னால் ஒரு மூலை, கோயில் மண்டபத்தில் சில நாள், கடைசியில் ஐந்தடி. அங்கே படுத்திருக்கும் கிழவரைப் பார்த்து ஊர் என்ன சொல்கிறது? "குடித்துக் கெட்டவன்" என்கிறது. அவர் பத்து ஆண்டுக்கு முன்பே வீடிழந்தவர் என்பதை எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

தெருவில் எண்ணுகிறவர் கடைசிப் படியை மட்டுமே எண்ணுகிறார். முதற்படியிலே நிற்பவர்களை யார் எண்ணுவது?

கோட்டை நிற்கிறது!

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லி கோட்டை நிற்பதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தை உண்டாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் கல்லும் செங்கல்லும் சுமந்தார்கள். நச்சுக் காய்ச்சல் பரவி அவர்கள் மடிந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் மேலே துரையின் உருவத்தையும் வைத்தார்கள் நம் மக்கள். நன்றி மறவாத கூட்டம் இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? 1926இல் துரை லிஸ்பனில் காலமானார். மாளிகை முடியாமலே நின்றது. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனிக்குக் கைமாறியது.

இன்று அந்த மாளிகையைப் பார்க்க வெளியூரார் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் ஒரு கேள்வி. முடியாத மாளிகைக்குப் பாதுகாப்பு உண்டு. அதைப் போன்ற மாளிகைகளும் பங்களாக்களும் எழுவதற்குப் பால் வெட்டிக் கொடுத்தவன் முடிந்து குடியிருந்த லயத்துக்குப் பாதுகாப்பு உண்டா? தோட்டம் கைமாறும்போது மரத்துக்கு விலை, மண்ணுக்கு விலை, பங்களாவுக்கு விலை, லயத்துக்காரனுக்கு மட்டும் நோட்டீஸ்!

மனமிருந்தபோது சில ஆண்டுகளில் முடிந்தது

"இத்தனை பேருக்கு வீட்டு மனை கொடுப்பது நடக்கிற காரியமா?" என்று கேட்பாருமுளர். நடந்திருக்கிறது, நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அவசரகாலத்தில், 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். நாடு முழுவதும் நானூற்றுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள். கோப்பெங்கைச் சுற்றி லாவான் குடாவும் கோப்பிசானும் அப்படி எழுந்தவையே. அந்த மக்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு அல்லல்பட்டவர்கள். அவர்களிடம் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் வேலி நீங்கிய பின் அவர்களுக்கு ஒரு மனை மிஞ்சியது, குத்தகைப் பட்டா கேட்டு வாங்க ஓர் அடி நிலம் மிஞ்சியது, ஊர் மிஞ்சியது.

அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்று சேர்த்து வேலிக்குள் வைத்தார்கள். எங்கே? கம்பெனி நிலத்தில்; கம்பெனி லயத்தைச் சுற்றி. வேலி நீங்கிய பின் நமக்கு என்ன மிஞ்சியது? ஒன்றுமில்லை. முள்வேலி இருவருக்கும் பொது. மனை ஒருவருக்கு மட்டும்! இந்த வேறுபாட்டை உண்டாக்கியது சாதியுமல்ல, இனமுமல்ல. வீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டிய முடிச்சு. அந்த முடிச்சை அன்று அவிழ்க்கவில்லை; இன்றும் அவிழ்க்கவில்லை.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாய்ப் போட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கினார்கள். அப்போதுதான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மங்கு துடைத்த கையால் தோட்டம் வாங்க முடியும் என்று காட்டியது அந்த முயற்சி. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் பத்து வெள்ளியால் வாங்கிவிட முடியாது. அதற்கு அரசாங்கம் வேண்டும், சட்டம் வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. 2019இல் திருத்தி, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கினார்கள். குடிநீர், மின்சாரம், துப்புரவு என்று முதலாளி செய்ய வேண்டியவை அதில் உண்டு. அவற்றைப் பெற நம் சங்கமும் பாடுபட்டது, பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தச் சட்டம் வேலையில் இருப்பவன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, வேலை முடிந்தவன் எங்கே போவான் என்று சொல்லவில்லை.

1973இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் தோட்ட முதலாளிகளைத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் தொடங்கும்படி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார், கட்டளையிடவில்லை. கட்டாயமில்லாத காரியத்தைச் செய்ய இலாபம் தேடுகிறவர் எத்தனை பேர் முன்வருவர்? சிலர் செய்தார்கள், பலர் செய்யவில்லை. செய்யாதவர்மேல் நடவடிக்கை எடுக்க ஒரு வரிச் சட்டமும் இல்லை. சிலாங்கூரில் நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்கள் 1990களில் தொடங்கிய வீட்டுப் போராட்டத்தில் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 2020களில்தான் அவர்களுக்கு வழி பிறந்தது. காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் திறவுகோலைக் கையில் வாங்காமலே கண்ணை மூடினார்களோ!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசாங்கத்தில் திட்டங்கள் உண்டு. ரூமா மெஸ்ரா ரக்யாட் என்ற திட்டம் எல்லோரும் அறிந்தது. மானியம் உண்டு, தவணையும் எளிது. ஆனால் விண்ணப்பம் போடுபவருக்கு வீடு கட்ட நிலம் இருக்க வேண்டும்! நிலமுள்ள ஏழைக்கு வீடு. நிலமில்லாத ஏழைக்குக் கை விரிப்பு. தோட்டத்து மனிதனுக்கு இல்லாதது எது? நிலம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

மூன்று வாசல்கள்

"நிலம் தனியாருடையது, மன்றம் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு தோட்டம் வீட்டு மனையாகவோ தொழிற்சாலை நிலமாகவோ மாறுவதற்கு முன் எத்தனை வாசல் கடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வாசல்: தோட்ட நில வாரியம். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் அந்த வாரியத்தின் ஒப்புதல் முன்னரே வேண்டும். துண்டாடலில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த வேலி அது.

இரண்டாம் வாசல்: மாநில அரசு. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநிலத்தின் அனுமதி வேண்டும். அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். நிலத்தின் வகை மாறினால் விலை பன்மடங்கு ஏறுகிறது. ஏறிய விலையில் முதலாளிக்குப் பங்கு. மாநிலக் கருவூலத்துக்குப் பங்கு.

மூன்றாம் வாசல்: மாவட்ட மன்றம். 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்டம் வரைவது மன்றம். திட்டமிடல் அனுமதி கொடுப்பதும் மன்றம். அனுமதி கொடுக்கும்போது மன்றம் நிபந்தனை போடுகிறது. சாலை இத்தனை அடி அகலம் வேண்டும் என்கிறது. வடிகால் வேண்டும் என்கிறது. பிள்ளைகள் விளையாடத் திறந்தவெளி வேண்டும் என்கிறது. மின்சார நிலையத்துக்கு இடம் விடு என்கிறது. முதலாளி மறுக்கிறாரா? மறுக்க முடியாது. மழைநீர் ஓட இடம் ஒதுக்கச் சொல்ல முடிகிற மன்றத்துக்கு, அதே நிலத்தில் அறுபது ஆண்டு குடியிருந்தவன் குடியிருக்க இடம் ஒதுக்கச் சொல்ல முடியாதா? தண்ணீருக்கு இருக்கும் மதிப்பு மனிதனுக்கு இல்லையா?

இந்த மூன்று வாசலிலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "லயத்தில் எத்தனை குடும்பம்? அவர்களுக்கு எங்கே மனை?" பதில் இல்லையென்றால் கதவைத் திறக்கக்கூடாது. இதுவே நமது கட்சி.

"நிலம் மாநிலத்தின் கையில், பணம் கோலாலம்பூரின் கையில், எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று மன்றத்தார் சொல்லலாம். உங்களிடம் வரைபடம் இருக்கிறது, ஐயா! எந்த நிலம் எதற்கு என்று நிறம் தீட்டும் கை உங்களுடையது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டி ஓய்ந்த நிலம் எவ்வளவு கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் கம்பாரில் வளாகம் திறந்தபோது, மாணவர்களுக்கு வாடகைக்கு விட வீடுகள் வரிசை வரிசையாய் எழுந்தன. படிக்க வந்த பிள்ளைகளுக்கு வீடு எழுந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. வீடு கட்டத் தெரியாத வட்டாரமல்ல இது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். இலாபம் தெரிந்தபோது நிலமும் கிடைத்தது, சாலையும் கிடைத்தது, அனுமதியும் கிடைத்தது.

"இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர் வெளிநாட்டினர்தானே?" என்பது இன்னொரு வாதம். வயலிலும் காட்டிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகியது உண்மை. அவரும் தொழிலாளரே, அவர் குடியிருப்புக்கும் சட்டம் உண்டு, அது மீறப்பட்டால் நாம் அவர் பக்கம் நிற்போம். ஆனால் அவரைக் காட்டி, ஓய்வு பெற்ற நம் தாய் தந்தையரை மறைக்க வேண்டாம். செக்ரோலில் பெயரில்லாத கிழவியும் விதவையும் லயத்தில் இருக்கிறார்கள். பெயரில்லாததாலேயே அவர்களை முதலில் எண்ண வேண்டும்.

லயம் கட்டியவர் நாட்டில் என்ன நடந்தது?

நமக்கு லயம் கட்டித் தந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் நாட்டிலும் பண்ணைத் தொழிலாளிக்கு முதலாளி வீடுதான் இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கம் நெடுங்காலம் போராடியது. 1976இல் சட்டம் வந்தது: வேலை நின்றாலும் பண்ணைத் தொழிலாளியை வீட்டிலிருந்து எளிதில் இறக்கிவிட முடியாது, அந்த வீடு வேறு தொழிலாளிக்குத் தேவையென்றால் மாற்று வீடு தேடித் தரும் பொறுப்பை உள்ளூர் மன்றம் ஏற்க வேண்டும். தம் நாட்டில் அவிழ்த்த முடிச்சை நம் நாட்டில் அவிழ்க்காமலே போனார்கள்.

மறு ஆண்டு, 1977இல், அங்கே வீடற்றோர் சட்டம் வந்தது. வீடில்லாதவர்களில் பிள்ளை குட்டிக்காரர், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு வீடு பார்த்துக் கொடுப்பது உள்ளூர் மன்றத்தின் கடமை என்றது அது. அதே 1977இல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது: ஆதரவற்றோர் சட்டம். வீதியில் கிடப்பவரைப் பிடித்துக்கொண்டு போய் நல இல்லத்தில் சேர்க்க அதிகாரம் கொடுத்தது அது. ஒரே ஆண்டு, இரண்டு சட்டம். ஒன்று மன்றத்துக்குக் கடமை வைத்தது. மற்றொன்று அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தது. கடமைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

பிறகு 2017இல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டம். 2018 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஒருவர் இன்னும் 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருந்தால், அவர் தெருவுக்கு வரும்வரை காத்திராமல் அன்றே மன்றம் உதவத் தொடங்க வேண்டும் என்கிறது அது. அங்கேயும் வீடில்லாதவர் ஒழிந்துவிடவில்லை, சட்டம் மந்திரமல்ல. ஆனாலும் வருமுன் எண்ணுவது என்ற கொள்கை அதில் இருக்கிறது. நமக்கு 56 நாள்கூட வேண்டாம். தோட்டம் விற்பனைக்கு வரும்போதே, எத்தனையோ மாதம் முன்பே, யார் யார் வீடிழப்பார்கள் என்று பெயர் பெயராகத் தெரிந்துவிடுகிறதே! அப்படித் தெரிந்தும் எண்ணாமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இலங்கை மலைநாட்டில் நம் இனத்தவரின் கதையையும் மறக்க வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதன் பின்னர்தான் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற பேச்சு வலுத்தது. பிணம் விழுந்த பிறகுதான் மனை என்பது எந்த நாட்டுக்கும் பெருமையல்ல.

நாம் கேட்பது

மன்றத்திடமும் மாநில அரசிடமும் நாம் கேட்பது ஐந்தே ஐந்து.

1. கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் லயங்களிலும் கம்பெனி குவார்ட்டர்ஸ்களிலும் குடியிருக்கும் குடும்பங்களை, ஓய்வு பெற்றோரையும் சேர்த்து, ஆண்டுதோறும் எண்ணிப் பட்டியல் வைக்க வேண்டும்.

2. தோட்ட நிலத்தில் வேறு வேலைக்குத் திட்டமிடல் அனுமதி கொடுக்குமுன், பட்டியலிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே நிலத்தில், அல்லது பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகில், மனை ஒதுக்கியாக வேண்டும். புது வீடு முடியாமல் பழைய லயத்தில் ஓர் ஓடுகூடக் கழற்றப்படக் கூடாது.

3. நில வகை மாற்றத்தில் மாநிலத்துக்கு வரும் பிரீமியத்தில் ஒரு பகுதி அந்தத் தோட்டத்து மக்களின் வீட்டு நிதிக்குப் போக வேண்டும்.

4. உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கென்று நிலம் குறிக்கப்பட வேண்டும். ஓய்ந்த ஈயச் சுரங்க நிலத்தில் பாதுகாப்பானது எது என்று ஆராய்ந்து, அதிலும் ஒதுக்க வேண்டும்.

5. நிலமில்லாததால் வீட்டு உதவி மறுக்கப்படும் குடும்பங்களுக்கு முதலில் மனை, பிறகு மானியம் என்று முறை வகுக்க வேண்டும்.

இவற்றில் எது பேராசை? எது நடக்காதது? இலவசமாய்க் கொடு என்றும் நாம் கேட்கவில்லை. சக்திக்கேற்ற தவணை கட்டத் தயாராக இருக்கிறோம். கடனுக்கு அஞ்சுகிற கூட்டமல்ல இது. கட்டிய பணத்துக்குப் பட்டா இல்லாமற் போவதற்கே அஞ்சுகிறது.

நாம் செய்ய வேண்டியது

1965க்கு முன் இந்த நாட்டில் நகர மன்றங்களுக்குத் தேர்தல் இருந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி வாக்குப் பெற்று நகர மன்றத்தை நடத்திய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1965இல் அந்தத் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. ஆகவே நம் வீட்டைப் பற்றி முடிவு செய்பவரை நாம் வாக்குப் போட்டு வைப்பதுமில்லை. வாக்குப் போட்டு இறக்குவதுமில்லை. ஆனால் அவரை நியமிக்கும் மாநில அரசை நாம்தான் வாக்குப் போட்டு வைக்கிறோம். அதை நினைவில் வையுங்கள். வாக்குக் கேட்டு வருபவருக்கும் நினைவூட்டுங்கள்.

மேலும் உள்ளூர்த் திட்ட நகல் தயாரானதும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நான்கு வாரத்துக்குக் குறையாமல் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கத் தவணை தர வேண்டும் என்பது சட்டம். அந்த நான்கு வாரத்தில் தோட்டப்புறத்திலிருந்து எத்தனை கடிதம் போகிறது? வீட்டு மனைக்காரர் வழக்கறிஞரோடு போகிறார், நாம் போவதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இனி ஒவ்வொரு கிளையும் எழுத வேண்டும். ஒவ்வொரு லயமும் கையெழுத்துப் போட வேண்டும்.

பால் வெட்டும் தோழர்களே! உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமநிதி அறிக்கை, சொக்சோ சீட்டு ஆகிய எதையும் தொலைத்துவிடாதீர்கள். எத்தனை ஆண்டு இந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. தோட்டம் கைமாறினால், ஏழு நாளுக்குள் புதிய முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வராவிட்டால், பழைய முதலாளி நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வீட்டைக் காலி செய்கிறேன் என்று எழுதிய எந்தத் தாளிலும், சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராணிமார்களே! நமக்கும் இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் இடையே ஒரு செம்பருத்தி வேலி இருக்கலாம். இரண்டும் நிற்பது கம்பெனி நிலத்தில்தான். மேசையில் உட்கார்ந்து மற்றவர் பெயரை அடிக்கும் நம் பெயரும் ஒருநாள் அடிபடும். குவார்ட்டர்ஸ் திறவுகோலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நமக்கும் உண்டு. கம்பெனி ஏட்டைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சங்கம் கேட்கவில்லை. எழுதத் தெரிந்த கையைக் கொடுங்கள் என்றே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், குடும்பத் தலைவர் பெயர், வயது, வேலை செய்த ஆண்டு, குடியிருப்போர் தொகை இவற்றை அவரவர் வாயால் கேட்டு எழுதுவோம். மன்றம் எண்ணாவிட்டால் நாமே எண்ணுவோம். எண்ணிய பட்டியலை மன்றத்தின் மேசையில் வைத்துவிட்டால், பிறகு "தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றவர் ஒருவர் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, "அடுத்த மாதம் எங்கே போவோமோ?" என்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த வீட்டுத் திட்டமும் நம் திட்டமாகாது. அவர் பெயரை முதல் வரியில் எழுதித் திட்டத்தைத் தொடங்குங்கள்!

லயம் இடியுமுன் மனை வேண்டும்!
வேலை போனாலும் வீடு நிலைக்க வேண்டும்!
ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!